இலை நுனியில் சவர்

சாடித் தண்ணீர் நாறுகிறது.

காலையில் குசினிக்குள் போனபோதே தெரிந்தது. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று முதலில் அடுப்புக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பிறகுதான் மேசையில் இருந்த சீனியாப் பூக்கள் கண்ணில் பட்டன. மூன்று நாளாகத் தண்ணீர் மாற்றவில்லை. பூக்கள் மேலே இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன. கீழே காம்புகள் வழுவழுத்துப் போயிருந்தன. தண்ணீருக்குப் பச்சையும் இல்லாத, சாம்பலும் இல்லாத ஒரு நிறம்.

அந்த நாற்றத்தில் நீர் வந்தீர்.

ஒரு வருடமாக உம்மை மல்லிகையில் தேடினேன், ரோசாவில் தேடினேன். வரவில்லை. அழுகிய காம்பில் வந்தீர். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சீ, என்ன வேலையப்பா இது, பூவை உப்பிடியே அவிச்சு வைச்சிருக்கிறீர்" என்றபடி.

சாடியைக் கழுவினேன். காம்புகளில் ஒரு விரற்கடை நறுக்கினேன். புதுத் தண்ணீர் விட்டேன். பிறகு உமக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதக் காரணம் சீனியா அல்ல. யன்னலோரம் இருக்கிற அந்தூரியம்.

நாளைக்கு உம்முடைய அம்மா குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருகிறார். நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் வந்து, மத்தியானப் படகில் திரும்புவார். உம்முடைய அந்தூரியத்தை வாங்கிப் போக வருகிறார். ஞாயிற்றுக்கிழமை உமது ஆண்டுப் பூசை. பூசைக்கு அதைப் பீடத்தின் அருகே வைத்துவிட்டு, பிறகு வீட்டு விறாந்தையில் வைத்து வளர்க்கப் போகிறாராம். நீர்தான் கடைசி நாட்களில் சொன்னீராம்: "வேலணையிலை என்ரை மரம் ஒண்டு நிக்குது, அதைப் பிறகு எடுங்கோ அம்மா."

யன்னலோரம் நிற்பது உம்முடைய மரம் அல்ல.

உம்முடையது செத்துப்போய் ஒரு வருடம் ஆகிறது. நான்தான் சாகவிட்டேன். அம்மாவுக்கு அது தெரியாது. நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேனா, அல்லது வாயை மூடிக்கொண்டு சாடியை நீட்டிவிட்டுத் திரும்புவேனா என்று எனக்கே தெரியாது. அதனால் முதலில் உமக்கு.

*

மூன்று வருடம் வேலணையில் இந்த வீட்டின் பின்பக்கத்தில் இருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி, வடக்குப் பார்த்த ஒரு யன்னல். முன்பக்கத்தில் வீட்டுக்கார அக்கா. இருவருக்கும் ஒரே கந்தோரில் வேலை. நெடுந்தீவிலிருந்து தினமும் கடல் கடந்து வந்து போக ஏலாது என்று நீர். இரண்டு பஸ் மாறி வர அலுப்பு என்று நான். திங்கள் முதல் வெள்ளி வரை. வெள்ளி பின்னேரம் நீர் படகுக்கு ஓடுவீர், நான் பஸ்ஸுக்கு.

முதல் கிழமையே நீர் என்னைப் பார்த்துச் சிரித்தீர். கந்தோரில் ஒருவருக்குப் பிரியாவிடை. மேசைக்குப் பூ வேண்டும், வளவில் நிற்கிறதை வெட்டிக்கொண்டு வாரும் என்று என்னை அனுப்பினீர். ஒரு தட்டம் நிறையச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் கொண்டுவந்து வைத்தேன். நீர் தட்டத்தைப் பார்த்தீர். என்னைப் பார்த்தீர்.

"காம்பு எங்கை?"

"என்ன காம்பு?"

"பூவின்ரை காம்பப்பா. தலையளை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்து நிக்கிறீர். இதை நான் எதிலை குத்துறது? உம்மட கொண்டையிலையோ?"

எங்கள் வீட்டில் பூவுக்குக் காம்பு இல்லை. விடிய எழும்பிக் குளித்து, தலையை மட்டும் கிள்ளித் தட்டத்தில் சேர்த்து, சுவாமிப் படங்களுக்கு ஒவ்வொன்றாக வைப்போம். அடுத்த நாள் வாடியதை எடுத்துக் கால்படாத இடத்தில் போடுவோம். சுவாமிக்கு வைக்கிற பூவை மணந்து பார்க்கவும் கூடாது. பூவுக்கு ஒரு நாள்தான். வெட்டிய பூவை உயிரோடு வைத்திருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு இருபத்தாறு வயது வரை வந்ததில்லை.

உங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சனிக்கிழமை வைத்த பூ அடுத்த சனி வரை நிற்கவேண்டும். "எங்கட ஊரிலை ரோசா ரெண்டு வீட்டிலைதான் நிண்டது," என்றீர். "கெஞ்சி மன்றாடி நாலு பூ வாங்கினால், அதைச் சாக விடேலுமோ?"

அன்றைக்கு அந்தத் தலைகளை அகன்ற கோப்பை ஒன்றில் தண்ணீர் விட்டு மிதக்க விட்டீர். வந்தவர்கள் எல்லோரும் வடிவு என்றார்கள். "இவதான் செய்தவ," என்று என்னைக் காட்டினீர். நான் மறுக்கவில்லை.

*

நீர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஏசினீர். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறமுதல் வெட்டுவீர். கத்தரிக்கோலோடு வாளியையும் தூக்கிக்கொண்டு போவீர். குசினிக்கு வந்து, தண்ணீருக்குள் வைத்தபடியே இன்னொரு வெட்டு, சரிவாக. தண்ணீருக்குள் தாழும் இலை ஒன்றையும் விடமாட்டீர். நந்தியாவட்டைக் காம்பில் பால் வடியும். அதை மெழுகுதிரிச் சுடரில் ஒரு கணம் காட்டுவீர். சொய் என்று ஒரு சத்தம், பால் நிற்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. பூவைச் சுடுவது போல. "வாயை மூடி விடுறன், அவ்வளவுதான்," என்பீர். "உம்மட வாய்க்கும் ஒருக்கால் காட்டவேணும்."

வாழைப்பழத்தோடு உமக்கு இருந்த பகை. வீட்டுக்கார அக்கா அன்போடு ஒரு சீப்புக் கொண்டுவந்து சாடிக்குப் பக்கத்தில் வைப்பார். அவர் முதுகு திரும்பியதும் நீர் அதைத் தூக்கிப் போய்க் கிணற்றடிக் கல்லில் வைப்பீர். காகம் தின்னும். ஒருநாள் அக்கா கண்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை, என்ரை பழத்தைக் காகத்துக்குப் படைக்கிறீர்?"

"பழுக்கிற பழத்திலை இருந்து ஒரு காத்து வரும் அக்கா. பக்கத்திலை இருந்தால் பூ கெதியா வாடிப்போம்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப என்ரை மனுசன் ஏன் வாடினவர் எண்டு இப்பதான் விளங்குது. பின்னேரம் பின்னேரம் அந்த வாழைக்குக் கீழைதானே சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு கிடந்தவர்."

மூவரும் சிரித்தோம். அக்காவுடைய கணவர் போய் அப்போது எட்டு வருடம். அக்கா அவரைப் பற்றிச் சிரித்துப் பேசுவதை நான் முதன்முறையாகக் கேட்டது அன்றுதான்.

இப்போது அந்தக் குசினியில் நானும் ஒரு சாடியும். வாழைப்பழம் மேசையில் கிடக்கிறது. எடுத்து வெளியே வைக்க ஆள் இல்லை. நான் எடுத்து வைக்கலாம்தான். வைப்பதில்லை. நீர் கோபத்தோடு வந்து எடுப்பீர் என்று ஏதோ ஒரு மூலையில் நினைக்கிறேன் போல.

*

அந்தூரியம் கண்டியிலிருந்து வந்தது. பயிற்சி என்று ஒரு கிழமை அனுப்பினார்கள். எல்லோரும் இனிப்பும் மரக்கறியும் கட்டிக்கொண்டு திரும்ப, நீர் கைக்குள் அடங்கும் ஒரு கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தீர். ஏ9 வீதி முழுக்க. பக்கத்தில் இருந்த நான் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும், "அதுக்கும் ரெண்டு சொட்டு" என்றீர்.

கந்தோரில் சிரித்தார்கள். குளிர் நாட்டு மரம், தீவுப்பகுதியின் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீரில் ஒரு மாதம் தாங்காது என்றார்கள். நீர் தேங்காய்ப் பொச்சுமட்டையைத் துண்டு துண்டாக வெட்டினீர். மாரியில் கூரைப் பீலியால் வழிந்த மழைத் தண்ணீரைப் பிடித்து, மூன்று நாள் அதில் ஊறப்போட்டு, பிழிந்து, மறுபடி ஊறப்போட்டீர். அடியில் ஓட்டுத் துண்டு, மேலே கரி, அதற்கு மேலே மட்டை. வெயில் படாத, வெளிச்சம் படுகிற இடம் எது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக்கூடப் போகாமல் யன்னலுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தீர்.

அதற்கு நல்ல தண்ணீர் மட்டும். பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணீர். அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். இரண்டு நாளைக்கு ஒரு பேணி. அந்தப் பேணிக்காக நீர் ஒரு தேத்தண்ணீரைக் குறைத்தீர்.

நான் செம்மண் ஊர்க்காரி. எங்கள் கிணற்றில் எந்த மாதமும் ஒரே தண்ணீர், இனிக்கும். இங்கே வந்த முதல் மாரியில் இந்தக் கிணற்றை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு உம்மிடம் கேட்டேன்: "நல்லாத்தானே கிடக்கு, என்னத்துக்குப் பவுசர்?"

"மாரிக்கு எல்லாக் கிணறும் நல்ல பிள்ளைதான். பங்குனிக்குப் பிறகு பாரும் அதின்ரை குணத்தை."

"குடிச்சுப் பாத்தால் தெரியும்தானே."

"தெரியாது. நாக்கு மெல்ல மெல்லப் பழகிப்போம். சவர் ஏற ஏற நாக்கும் ஏறும். நாக்கை நம்பாதையும். இலை நுனியைப் பாரும்."

ஏழு மாதத்தில் முதல் பூ. மெழுகில் செய்து சிவப்புப் பூசியது போல. நீர் அதைக் கோயிலுக்கு வெட்டுவீர் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்துத் தந்தேன். நீர் அதை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தீர்.

"இது வீட்டுப்பிள்ளை. கோயிலுக்கு நேர்ந்து விடேல்லை."

*

பிறகு தை மாதம். காலில் நீலம் நீலமாக அடையாளங்கள். கதிரையில் இடிபட்டது என்றீர். எந்தக் கதிரை என்று கேட்டேன். "எல்லாக் கதிரையும்," என்றீர். மாசியில் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில். இரத்தத்தில் வருத்தம் என்றார்கள்.

முதல் நாள் பூ கொண்டு வந்தேன். இம்முறை காம்போடு. வெயில் ஏறமுதல் வெட்டி, சரிவாக நறுக்கி, இலை கழித்து, போத்தலில் தண்ணீரோடு வேலணையிலிருந்து பஸ்ஸில் பிடித்துக்கொண்டு வந்த சீனியா. வாசலில் தாதி மறித்தார்.

"பூவும் தண்ணியும் உள்ளுக்கு விடேலாது, தங்கச்சி. கிருமி. மண்ணும் கொண்டு வராதேங்கோ."

நீர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் கட்டிலில் சாய்ந்திருந்தீர். போத்தலைத் தூக்கிக் காட்டினேன். நீர் காம்பைச் சுட்டிக்காட்டினீர். பிறகு இரண்டு கையையும் தட்டினீர், சத்தம் வராமல். அந்தப் பூக்களை வெளியே தேநீர்க்கடை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எத்தனை நாள் நின்றனவோ தெரியாது.

அதன் பிறகு படங்கள். காலையில் கந்தோருக்குப் போகமுதல் அந்தூரியத்தை ஒரு படம் எடுத்து அனுப்புவேன். நீர் குரலில் பதில் அனுப்புவீர். "கிட்டப் பிடிச்சு எடும். நுனி தெரியேல்லை." "அந்தப் பக்க இலை ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்குது? சாடியைத் திருப்பி விடும்." "தண்ணி விட்டனீரோ? பொய் சொல்லாதையும்." அந்தக் குரல் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் மெலிந்தது. உமக்கு அதைச் சொல்லவில்லை.

பங்குனி நடுவில் பவுசர் ஒழுங்காக வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது கிழமைக்கு ஒன்றாகியது. அக்காவும் நானும் ஒரு கான் தண்ணீரைப் பங்கிட்டோம். மழைத் தண்ணீர் முடிந்துவிட்டது. கந்தோர் விட்டு யாழ்ப்பாணம் போய், உம்மைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்புவேன். வந்து பார்த்தால் கானில் கால் பங்கு. குடிக்கவா, அதற்கா?

கிணற்றில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். நல்லாய் இருந்தது. உண்மையாகவே நல்லாய் இருந்தது. அதை ஊற்றினேன்.

அடுத்த நாளும். மூன்று கிழமை.

நுனி கருகிக் கபிலமானது. முதலில் ஓர் இலையில், நகத்தளவு. கத்தரிக்கோலால் அந்த நகத்தை மட்டும் இலையின் வடிவம் கெடாமல் வெட்டினேன். படம் எடுத்தேன். அனுப்பினேன். பிறகு மூன்று இலை. பிறகு வெட்ட இடமில்லை. பழுத்துத் தொங்கின. கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி ஊற்றினேன், மட்டையைக் கழுவினேன். பிந்திவிட்டது.

அன்று காலை உமக்கு ஒரு மாதத்துக்கு முந்திய படத்தை அனுப்பினேன்.

அன்றிலிருந்து உமக்குப் பதினொரு நாள் இருந்தது. பதினொரு பழைய படம். கடைசியாக நீர் அனுப்பியது மூன்று சொல். "இலை நல்லா மினுங்குது."

ஒவ்வோர் இலையையும் உமக்குத் தெரியும். எது எப்போது விரிந்தது என்று தெரியும். கண்டுபிடித்தீரா? அல்லது காய்ச்சலில் ஒரு பச்சையும் ஒரு சிவப்பும் மட்டும் தெரிந்ததா? அந்தக் குரலை நான் ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். அதில் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் இருக்கிறது.

*

உம்மை ஊர் மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிய அடுத்த நாள், செத்த மரத்தைச் சாடியிலிருந்து பிடுங்கிக் கிணற்றடி வாழைக்குள் போட்டேன். வெறும் சாடி யன்னலில் இருந்தது. இரண்டு கிழமை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு கன்று வாங்கி வந்து அதே சாடியில் வைத்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "இது அதுதானோ?"

"இல்லை அக்கா. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"எனக்கென்ன. எனக்கு எல்லாம் ஒரு சிவப்புத்தான்."

ஒருவரையும் ஏமாற்ற வாங்கவில்லை. அப்போது அம்மா கேட்பார் என்று எனக்குத் தெரியாது. யன்னலில் ஒன்று நிற்கவேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். இந்த மரத்துக்கு நான் ஒரு பிழையும் விடவில்லை. மட்டை ஊறப்போட்டேன். பீலிக்குக் கீழே இரண்டு பீப்பா வைத்து மழைத் தண்ணீர் பிடித்து மூடி வைத்தேன். இப்போது இரண்டு பூ.

காலையில் இன்னும் படம் எடுக்கிறேன். கிட்டப் பிடித்து, நுனி தெரிய. கைபேசியில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. உம்முடைய பெயரைத் திறந்து, படத்தை வைத்து, பிறகு மூடிவிடுவேன். கந்தோருக்கு நேரமாகிவிடும்.

உமக்குச் சொல்லிவிட்டேன். நாளைக்குப் பார்ப்போம்.

*

ஞாயிறு பின்னேரம். இன்னும் அதே தாள்.

நேற்றுச் சோளகக் காற்று. படகு பிந்தி வந்தது. குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் போகிற சனம் ஒரு பக்கம் வரிசையில். நான் சாடியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபடியே கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா இறங்கி வந்தார். கையில் ஒரு பை.

"மெலிஞ்சு போட்டீர், பிள்ளை. இந்தாரும், கருவாடு. அக்காவுக்கும் குடும்." பிறகு சாடியைப் பார்த்தார். "ரெண்டு பூ! அவளின்ரை கையைப் பாரும், செத்த பிறகும் பூக்குது."

சாடியை நீட்டிவிட்டால் முடிந்துவிடும். கை நீண்டும் விட்டது. "இது அவவின்ரை இல்லை, அம்மா," என்றேன்.

காற்று. படகின் இயந்திரச் சத்தம். "என்ன பிள்ளை?"

"இது அவவின்ரை மரம் இல்லை."

"ஒண்டும் கேக்கேல்லை. உரத்துச் சொல்லும்."

ஒரு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை இறங்குதுறையில் நின்று கத்தினேன். "அவவின்ரை மரம் செத்துப்போச்சு அம்மா! நான்தான் சவர்த் தண்ணி ஊத்திச் சாகப்பண்ணினனான்!"

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வரிசையிலிருந்த சனம் பார்த்தது. அம்மா அங்கே கிடந்த சீமெந்துக் கட்டியில் இருந்தார். பக்கத்தில் இடம் விட்டார். நானும் இருந்தேன்.

"எப்ப?"

"அவ ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை."

"அவளுக்குத் தெரியுமோ?"

"சொல்லேல்லை. பழைய படம் அனுப்பினனான்."

"எத்தினை நாள்?"

"பதினொரு நாள்."

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"நானும் அவளுக்குச் சொன்னனான்," என்றார், மெல்ல. "அப்பா தொழிலுக்குப் போறார், இண்டைக்கும் பாரை பட்டது எண்டு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மீன் சொல்லுவன். அந்தாள் ரெண்டு மாசமாய் வலையைத் தொடேல்லை, பிள்ளை. சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தது."

அம்மா கையை நீட்டிச் சாடியின் விளிம்பைத் தொட்டார்.

"செத்ததை என்ன செய்தனீர்?"

"கிணத்தடி வாழைக்குள்ளை போட்டனான்."

"வாழை குலை போட்டதோ?"

"ஓம். பெரிய குலை."

அம்மாவின் வாயோரம் இழுத்தது. "அவளுக்கு வாழைப்பழத்தைக் கண்ணிலை காட்டேலாது." பிறகு எழும்பினார். "தாரும் அதை."

"அம்மா, இது வேறை மரம்."

"விளங்குது. ஆரும் கேட்டால், அவளின்ரை சிநேகிதியின்ரை மரம் எண்டு சொல்லுறன். பொய் இல்லைத்தானே?"

சீலைத் தலைப்பால் பூவை மூடிக்கொண்டார், கடல் தண்ணீர் தெறிக்காமல். நான் பின்னாலேயே போனேன். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், வெயில் வேண்டாம், மட்டையை வருடத்துக்கு ஒருக்கால் மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே. அம்மா படகில் ஏறித் திரும்பினார்.

"நெடுந்தீவிலை நல்ல தண்ணிக் கிணறு இல்லையெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

படகு போய்விட்டது. அம்மாவின் நீலச் சீலை கொஞ்ச நேரம் தெரிந்தது. என் இரண்டு கைக்கும் வேலை இல்லாமல் போனது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கருவாட்டுப் பையை நினைத்தேன். அது மடியில் இருந்தது.

*

சற்று முன்னர் அம்மா கைபேசியில் அழைத்தார். பூசை முடிந்ததாம். மரம் பீடத்துக்கு இடப்பக்கம் நின்றதாம். அப்பா முன் வரிசை வாங்கில் இருந்தாராம். முழுப் பூசையும் இருந்தாராம். அம்மா கைபேசியை இன்னும் வைக்கவில்லை.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ அம்மா."

"அவள் உங்கை என்ன செய்யிறவள்? கிழமை நாளிலை?"

எனக்கு விளங்கவில்லை.

"பதினொரு வயசிலை விடுதியிலை விட்டனாங்கள், பிள்ளை. இஞ்சை பெரிய வகுப்புக்கு வாத்திமார் இல்லை. பிறகு கம்பஸ். பிறகு வேலணை. என்னட்டை அவள் சனி ஞாயிறுக்கு வந்தவள். வந்தால் நித்திரை, கோயில், சாப்பாடு. திங்கள் விடிய லோஞ்சியிலை ஏறிப் போயிடுவள். மிச்ச நாளிலை அவள் எப்பிடி இருந்தவள் எண்டு எனக்குத் தெரியாது. ஆரையும் கேக்கவும் வெக்கமாக் கிடந்தது. நேத்து நீர் அப்பிடிக் கத்தேக்கைதான், இந்தப் பிள்ளையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லும் எண்டு நினைச்சனான்."

மூன்று வருடம். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அவ்வளவும் என்னிடம் இருக்கின்றன. எனக்கு மட்டும்தான் உரியவை என்று நினைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளும் கடலுக்கு அந்தப்பக்கம் ஒருவர் அவற்றுக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னத்தைச் சொல்ல அம்மா?"

"ஏதும் ஒண்டு. நல்லதாய் இருக்கவேணும் எண்டில்லை. சண்டை பிடிக்கிறனீங்களோ?"

"ஓம்."

"அதைச் சொல்லும்."

ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். நீர் குளிக்கப் போன நேரம் பார்த்து, உம்மைச் சந்தோசப்படுத்த என்று, எல்லா இலைக்கும் தேங்காயெண்ணெய் பூசி மினுக்கி வைத்தேனே, அந்தச் செவ்வாய். நீர் ஈரத் தலையோடு வந்து நின்று, "மூதேவி, அதுக்கு மூச்சு முட்டுமெல்லோ!" என்று கத்தி, துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்ததைச் சொன்னேன். நான் உதவிக்கு வர, "தள்ளி நில்லும்" என்றதைச் சொன்னேன். நான் கோபத்தில் சோறு சமைக்காமல் விட்டதையும், வியாழன் வரை நாங்கள் பேசாததையும், முதலில் பேசியது நீர்தான், நான் அல்ல என்பதையும் சொன்னேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அம்மா சிரித்தார். பிறகு மூக்கைச் சீறுவது கேட்டது. பின்னால் அப்பா ஏதோ கேட்க, "பொறுங்கோ, பிறகு சொல்லுறன்," என்றார். பிறகு என்னிடம்:

"நாளைக்குப் புதனைச் சொல்லும்."